காஸ்தா, ராஸா, கிளாஸே: ஸ்பானிய வகைச்சொற்களின் சமூக வரலாறு குறித்த சில குறிப்புகள்

1

சொற்கள் சமூக உறவுகளுக்கு வெளியே நின்று அவற்றைச் சுட்டும் வெறும் அடையாளங்கள் அல்ல. அவ்வுறவுகளுக்குள்ளேயே அவை பிறக்கின்றன. அவ்வுறவுகளோடு சேர்ந்தே மாறுகின்றன. ஒரே சொல்லை வெவ்வேறு வர்க்கங்கள் வெவ்வேறு அழுத்தத்துடன் கையாளுவதால் சொல்லே போராட்டக் களமாகிறது என்பதை 1929இல் வெளிவந்த தமது நூலில் வொலோஷினோவ் எடுத்துக்காட்டினார். ஆங்கிலப் பண்பாட்டுச் சொற்கள் சிலவற்றின் வரலாற்றை 1976இல் றேமண்ட் வில்லியம்ஸ் ஆராய்ந்தபோது பின்பற்றியதும் ஏறத்தாழ இந்நோக்கினையே எனலாம். வகைப்படுத்தும் சொற்களுக்கு இவ்வுண்மை சிறப்பாகப் பொருந்தும். மனிதரையும் பொருள்களையும் இன்னின்ன வகையெனப் பிரித்துக் கூறும் அதிகாரம் எவரிடம் இருந்தது, அப்பிரிப்பினால் எவர் பயன் பெற்றனர் என்னும் வினாக்கள் அச்சொற்களிலேயே உறைந்து கிடக்கின்றன.

ஸ்பானிய மொழியில் வகை என்னும் பொருளைத் தரும் சொற்கள் பல. தீப்போ, கிளாஸே, ஹெனெரோ, எஸ்பேஸியே, வாரியேதாத், காத்தேகோரியா, சுவேர்த்தே, காலிதாத், ராஸா, காஸ்தா என்பன அவற்றுள் முதன்மையானவை. இன்று அம்மொழியைப் பயில்வோருக்கு இவற்றின் பயன்பாடு மரபு சார்ந்ததாகவே கற்பிக்கப்படுகிறது. பொருள்களைப் பொதுவாகக் குறிக்கத் தீப்போ அல்லது கிளாஸே. இலக்கிய வகைக்கு ஹெனெரோ. உயிரியற் பாகுபாட்டுக்கு எஸ்பேஸியே. திராட்சை, உருளைக்கிழங்கு போன்ற பயிர்களுக்கு வாரியேதாத். நாய், குதிரை ஆகியவற்றுக்கு ராஸா. சண்டைக் காளைகளின் வழிக்குக் காஸ்தா என்றவாறு அப்பட்டியல் அமையும். இப்பங்கீடு எவ்வாறு உண்டாயிற்று என்பதை அகராதி கூறுவதில்லை. ஆயின் ஒரு காலத்தில் இச்சொற்களுள் எது ஒருவர் மீது பொருத்தப்பட்டது என்பதைக் கொண்டே அவர் திறை செலுத்த வேண்டியவரா, அடிமையாக விற்கப்படக் கூடியவரா, பதவி வகிக்கக் கூடியவரா என்பது தீர்மானிக்கப்பட்டது.

இவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், அதனடியாக இலத்தீன் அமெரிக்க எழுத்துகளைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் ஒரு சிக்கலைத் தெளிவுபடுத்துவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கில வழியாக இவ்வெழுத்துகளைப் படிக்கும் நாம் காஸ்தாவைச் சாதி எனவும், ராஸாவை இனம் எனவும், கிளாஸேயை வர்க்கம் எனவும் எளிதில் கொண்டுவிடுகிறோம். இச்சமன்பாடு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதை ஆராய்தல் வேண்டும்.

2

காஸ்தாவும் ராஸாவும் முதலில் கால்நடை வளர்ப்போடும் நெசவோடும் தொடர்புற்ற சொற்களாகவே எமக்குத் தெரிய வருகின்றன. மத்திய காலக் கஸ்தீலிய அரசின் பொருளாதாரத்தில் ஆடு வளர்ப்பும் கம்பளி வணிகமும் பெற்றிருந்த இடம் யாவரும் அறிந்தது. மேஸ்தா எனப்பட்ட மந்தை உடைமையாளர் அமைப்புக்கு 1273இல் பத்தாம் அல்போன்ஸோ மன்னன் அரச அங்கீகாரம் வழங்கினான். விலங்கின் வழியைப் பேணுவதும் துணியின் தரத்தை மதிப்பிடுவதும் செல்வம் ஈட்டும் தொழில்களாக இருந்த சமூகத்தில், அத்தொழில்களின் சொற்கள் மனிதர் மீதும் ஏற்றப்பட்டமை வியப்புக்குரியதன்று.

1611இல் வெளிவந்த கோவாருபியாஸின் அகராதி இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. அவர் காஸ்தாவை உயர்ந்த கால்வழி என விளக்கி, கற்பு அல்லது தூய்மை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லோடு தொடர்புபடுத்துகிறார். (இன்று பலர் ஒரு கொதிக் மொழி மூலத்தையே கருதுகின்றனர்.) ராஸா என்ற சொல்லுக்கு அவர் தரும் பொருள்கள் மூன்று. முதலாவது, சூட்டுக்குறி இட்டு அடையாளப்படுத்தப்படும் நல்வழிக் குதிரை. இரண்டாவது, துணியில் ஏனைய இழைகளினின்று வேறுபட்டுத் தெரியும் இழை. மூன்றாவது மனிதரைப் பற்றியது. மனித வழியைக் குறிக்கும்போது இச்சொல் இழிபொருளிலேயே வழங்கும் என்றும், மூர் அல்லது யூத வழியின் கலப்பு உடைமையே அதன் கருத்து என்றும் அவர் குறிப்பிடுகிறார். எனவே அக்கால ஸ்பெயினில் ராஸா எல்லோருக்கும் உரியதன்று. குதிரைக்கு அது பெருமை, துணிக்குக் குறை, மனிதருக்கு மறைக்க வேண்டிய கறை. உயர்குடிக் கிறிஸ்தவனுக்குக் காஸ்தா உண்டு, ராஸா இல்லை.

இக்கறைக் கோட்பாடு மத உணர்விலிருந்து மட்டும் தோன்றியதன்று. 1391ஆம் ஆண்டின் யூத எதிர்ப்புப் படுகொலைகளின் பின்னர் யூதர் பெருந்தொகையினர் திருமுழுக்குப் பெற்றனர். கிறிஸ்தவர் என்ற முறையில் முன்னர் தமக்கு மூடப்பட்டிருந்த நகரப் பதவிகளையும் வரிக் குத்தகைகளையும் அவர்களுள் ஒரு பகுதியினர் அடைந்தனர். 1449இல் அல்வாரோ தே லூனா பத்து லட்சம் மரவேதி நாணயங்களைக் கட்டாயக் கடனாகக் கேட்டபோது தொலேதோ நகரில் கிளர்ச்சி வெடித்தது. வரி அறவீட்டாளன் மதம் மாறிய வழியினன். நகர மக்களின் வரிச்சுமை எதிர்ப்பு, போட்டியாளரை அகற்ற விரும்பிய மேற்குழுவினரின் கையில் வழிவழிப் பகையாகத் திருப்பப்பட்டது. யூத வழியினர் திருமுழுக்குப் பெற்றிருப்பினும் நகரப் பதவி வகிக்கலாகாது என்ற கட்டளை அவ்வாண்டே பிறந்தது. பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் அதனைக் கண்டித்தார். எனினும் லிம்பியேஸா தே சாங்ரே, அதாவது குருதித் தூய்மை, என்ற கோட்பாடு துறவற சபைகளிலும் கல்லூரிகளிலும் பரவி, 1547இல் தொலேதோ பேராலயத்தின் விதியாயிற்று. குருதித் தூய்மைச் சான்று கோரும் நடைமுறை ஸ்பெயினில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1865இலேயே.

3

மனிதரைக் குறித்த சொற்கள் இவ்வாறிருக்க, பொருள்களைக் குறித்த வகைச்சொற்களும் உற்பத்தி, பரிவர்த்தனை, நில உடைமை ஆகியவற்றின் தடங்களைத் தாங்கியே வருகின்றன. ஹெனெரோ என்பது பிறப்பு, குலம் எனப் பொருள்படும் இலத்தீன் மூலத்திலிருந்து வந்தது. இலக்கண நூலார்க்கு அது பால்; இலக்கிய ஆய்வாளர்க்கு வகைமை; வணிகர்க்கோ சரக்கு, குறிப்பாகத் துணிச் சரக்கு. வகை என்ற அருவக் கருத்தும் விற்பனைப் பண்டம் என்ற பருப்பொருளும் ஒரே சொல்லில் கூடி நிற்பது கருதற்பாலது.

எஸ்பேஸியேயின் வரலாறு இன்னும் பொருள் பொதிந்தது. தோற்றம் எனப் பொருள்பட்ட இலத்தீன் சொல் பிற்காலத்தில் பண்டங்களையும், அவற்றுள்ளும் வாசனைத் திரவியங்களையும் குறிக்கலாயிற்று. ஸ்பானியத்தில் எஸ்பேஸியே உயிரின வகையையும், அதன் இரட்டைச்சொல்லான எஸ்பேஸியா மிளகு, கறுவா முதலியவற்றையும் குறிக்கும். நாணயமாகவன்றித் தானியமாகவோ துணியாகவோ வரி செலுத்துவதற்கும் எஸ்பேஸியேயாகச் செலுத்துதல் என்றே பெயர். அமெரிக்கக் குடியேற்றங்களில் சுதேசக் குடியானவர் சோளமும் பருத்தித் துணியுமாகச் செலுத்திய திறையை அச்சொல்லே பதிவு செய்தது. அத்திறை படிப்படியாக வெள்ளி நாணயத்துக்கு மாற்றப்பட்டமை குடியானவரைச் சந்தைக்கும் கூலியுழைப்புக்கும் தள்ளிய வழிகளுள் ஒன்றாகும்.

சுவேர்த்தே என்பது திருவுளச் சீட்டு, அதிட்டம், வகை ஆகிய மூன்றையும் குறிக்கும். குடியேற்றங்களில் புதிதாக அமைக்கப்பட்ட ஊர்களில் குடியேறியோருக்குப் பங்கிடப்பட்ட விளைநிலத் துண்டின் பெயரும் அதுவே. காத்தேகோரியாவின் கிரேக்க மூலம் பொது மன்றில் ஒருவர் மீது சுமத்தும் குற்றச்சாட்டைக் குறித்தது. அரிஸ்டோட்டிலே அதனைத் தருக்கக் கலைச்சொல்லாக்கினார். ஒருவரை வகைப்படுத்துவதும் அவர்மீது குற்றஞ்சாட்டுவதும் சொல்லளவில் தொடர்புடையன என்பது அடுத்து வரும் வரலாற்றுக்குப் பொருத்தமான முன்னுரையாகும்.

4

ஸ்பானிய முடியாட்சி அமெரிக்கச் சமூகத்தை ஸ்பானியர் குடியரசு, இந்தியர் குடியரசு எனச் சட்டத்தில் இரண்டாகப் பிரித்தது. இந்தியர் திறை செலுத்தும் குடிகள். 1542ஆம் ஆண்டின் புதிய சட்டங்களின்படி அவர்களை அடிமையாக்குதல் தடை செய்யப்பட்டது. ஆபிரிக்கரோ அடிமைகளாகக் கொண்டு வரப்பட்டனர். இம்மூன்று தொகுதியினரிடையேயும் தோன்றிய கலப்பு மக்களே காஸ்தாக்கள் எனப்பட்டனர். ஸ்பெயினில் தூய வழியைக் குறித்த சொல், கடல் கடந்ததும் பன்மை வடிவில் தூய வழி அற்றவர்களைக் குறிக்கலாயிற்று. காஸ்தீஸோ என்ற சொல்லும் இத்தகையதே. ஸ்பெயினில் அது கலப்பற்ற, மரபு வழுவாத ஒன்றன் பெயர். மெக்சிக்கோவில் ஸ்பானியருக்கும் மெஸ்தீஸோ பெண்ணுக்கும் பிறந்த பிள்ளையின் பெயர்.

இப்பிரிவுகளின் பொருளியல் அடிப்படை வெளிப்படையானது. 1574இல் சுதந்திரம் பெற்ற கறுப்பர் மீதும் முலாத்தோக்கள் மீதும் திறை விதிக்கப்பட்டது. மெஸ்தீஸோக்கள் பொதுவாக அதிலிருந்து விலக்குப் பெற்றனர். ஆகவே ஒருவர் மெஸ்தீஸோவா முலாத்தோவா என்பது தோலின் நிறத்தைப் பற்றிய கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்த வேண்டிய பணத்தைப் பற்றியதுமாகும். தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை என்ற விதியோ அடிமை உடைமையாளனின் சொத்துப் பெருக்கத்துக்கு வழி செய்தது. மறுபுறம், 1571இல் மெக்சிக்கோவில் நிறுவப்பட்ட சமய விசாரணை மன்றத்தின் அதிகாரம் இந்தியர் மீது செல்லாது. கலப்பு மக்கள் மீது செல்லும். வரிப் பதிவாளர் முன் ஒரு பெயரும் விசாரணை மன்றத்தின் முன் வேறொரு பெயரும் பயன் தந்த நிலையில், மக்கள் தம் வகைப்பெயரைச் சூழலுக்கேற்ப மாற்றிக் கூறியமை இயல்பே.

சொல் மாற்றம் விடுதலையாகவே அமைந்த ஒரு நிகழ்வு எமது கடற்பரப்போடும் தொடர்புடையது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே ஓடிய வணிகக் கப்பல்களில் பட்டும் பீங்கானும் மட்டுமன்றி அடிமைகளும் ஏற்றப்பட்டனர். போர்த்துக்கேய வணிகர் இந்தியக் கரைகளிலும் மலாய் உலகிலும் வாங்கியோரும் கவர்ந்தோரும் அவர்களுள் அடங்குவர். மெக்சிக்கோவில் இறங்கியதும் இவர்கள் அனைவரும் சீனோ, அதாவது சீனர், என்ற ஒரே பெயரைப் பெற்றனர். இந்தியாவிலிருந்து கடத்தப்பட்டு 1688இல் புவேப்லா நகரில் இறந்த கத்தரீனா தே சான் ஹுவானும் அவ்வாறே அழைக்கப்பட்டாள். சீனோ என்னும் வகைக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதும் இருக்கவில்லை. 1672இல் அரச ஆணையின் மூலம் அவர்களது அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது. இந்தியோக்களைப் போன்று அவர்களும் முடியின் குடிகளே என்ற வாதமே அதன் அடித்தளம். தத்தியானா ஸேஹாஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு இப்படிமுறையை விரிவாக விளக்குகிறது. ஒரு சொல்லிலிருந்து மறுசொல்லுக்குப் பெயர்ந்தமை சந்தையிலிருந்து வெளியேறுவதாக அமைந்தது. ஆயின் அதே ஆட்சி ஆபிரிக்கருக்கு அவ்வாயிலைத் திறக்கவில்லை. தோட்டங்களும் சுரங்கங்களும் அவர்களது உழைப்பை வேண்டி நின்றன.

பங்குக் கோவில்களின் பதிவேடுகள் ஸ்பானியர், காஸ்தாக்கள், இந்தியர் எனத் தனித்தனியே எழுதப்பட்டன. எனினும் குருமாரும் எழுத்தரும் மிகுதியாகக் கையாண்ட சொல் காலிதாத் ஆகும். ஒருவரின் பிறப்பு, நிறம், தொழில், செல்வம், நன்மதிப்பு ஆகிய அனைத்தும் கலந்த மதிப்பீட்டையே அது குறித்தது. வட மெக்சிக்கோவின் பர்ரால் என்ற சுரங்க ஊரின் 1788-90ஆம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து றொபேட் மக்கா 1984இல் எழுதிய கட்டுரை காலிதாத், கிளாஸே, திருமணம் ஆகியவற்றின் பிணைப்பை நுணுக்கமாகக் காட்டுகின்றது.

அடித்தளத்திலிருந்து நோக்குமிடத்து இச்சொற்களின் இறுக்கம் மேலும் தளர்கிறது. 1692ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சோளத் தட்டுப்பாட்டால் மெக்சிக்கோ நகரில் மூண்ட கிளர்ச்சியில் இராசப் பிரதிநிதியின் மாளிகை எரிக்கப்பட்டது. அதனை நேரில் கண்டு எழுதிய அறிஞர் சிகுவென்ஸா இ கோங்கோரா, கிளர்ந்தெழுந்தோரின் வகைப்பெயர்களை வெறுப்புடன் நீளமாக அடுக்கிய பின், ஏழை ஸ்பானியரையும் அவர்களோடு சேர்த்துப் பிளேபே, அதாவது கீழ்மக்கள், என்ற ஒரே தொகுதியாக்குகிறார். பசி வகைகளை ஒன்றாக்கிய கணத்தை ஆளும் வர்க்கத்தின் அறிஞரே பதிவு செய்திருக்கிறார். உடனடியாக ஆட்சியாளர் மேற்கொண்ட நடவடிக்கைகளுள் ஒன்று இந்தியரை நகர மையத்திலிருந்து மீண்டும் தனிச் சேரிகளுக்கு அனுப்ப முயன்றமையாகும். பிரிவினை ஆட்சியின் தேவையாக இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5

18ஆம் நூற்றாண்டில் இவ்வகைகள் ஓவியப் பொருளாயின. ஸ்பானியத் தந்தை, இந்தியத் தாய், மெஸ்தீஸோ பிள்ளை என்றவாறு ஒவ்வொரு கலப்பையும் ஒரு குடும்பமாக வரைந்து, கீழே பெயர் எழுதி, பெரும்பாலும் 16 காட்சிகள் கொண்ட வரிசைகளாக அவை தயாரிக்கப்பட்டன. மிகேல் கப்ரேரா 1763இல் வரைந்த வரிசை இவற்றுள் புகழ் பெற்றது. 1770இல் பேருவின் இராசப் பிரதிநிதி அமாத் இத்தகைய 20 ஓவியங்களை இயற்கை வரலாற்றுக் கூடத்துக்கென ஸ்பெயினுக்கு அனுப்பினான். மனிதப் பிரிவுகள் கனிகளோடும் விலங்குகளோடும் ஒரே அடுக்கில் வைக்கப்பட்டமையை இது குறிக்கும்.

ஓவியங்களின் சூத்திரம் ஆராயத்தக்கது. இந்தியக் கலப்பு மூன்றாம் தலைமுறையில் ஸ்பானியராக மீளலாம்: மெஸ்தீஸோ, காஸ்தீஸோ, ஸ்பானியர். ஆபிரிக்கக் கலப்போ எத்தனை தலைமுறை சென்றாலும் மீளாது. பின்னோக்கித் திரும்பியவன் எனப் பொருள்படும் பெயரைப் பெறும். குடியின் குருதி கழுவப்படலாம். அடிமையின் குருதி கழுவப்படலாகாது. உழைப்புச் சுரண்டலின் இரு வடிவங்களே இங்கு உயிரியல் விதியாக உருமாறி நிற்கின்றன. ஓநாய், கொயோத்தே போன்ற விலங்குப் பெயர்களும், அந்தரத்தில் நிற்பவன், உன்னை விளங்கவில்லை என்றவாறான ஏளனப் பெயர்களும் ஓவியங்களில் மலிந்திருக்க, பதிவேடுகளில் அன்றாடம் வழங்கியவை ஏழெட்டுச் சொற்களே. ஓவியப் பட்டியலையே நடைமுறைச் சமூகமாகக் கொண்டு, காஸ்தா அமைப்பு என்ற முழுமையான ஒழுங்கு நிலவியதாக எழுதுவது 20ஆம் நூற்றாண்டு வரலாற்று நூல்களால் பரவிய வழக்கம். கோப் 1994இலும், கொன்ஸால்போ 2013இலும், றப்பபோட் 2014இலும் வெளியிட்ட ஆய்வுகளின் பின் அவ்வழக்கை அப்படியே தொடர்வது பொருந்தாது.

வகைப்பெயர் பண்டமாகவும் ஆயிற்று. 1795இல் முடியாட்சி வெளியிட்ட சலுகைக் கட்டணப் பட்டியலில் பார்தோ என்ற கறுப்புக் கலப்பு நிலையிலிருந்து விலக்குப் பெற 500 ரெயாலும், கின்தெரோன் நிலையிலிருந்து விலக்குப் பெற 800 ரெயாலும் விலையாகக் குறிக்கப்பட்டன. 1801இல் அவை முறையே 700, 1,100 ஆக உயர்த்தப்பட்டன. விண்ணப்பித்தோர் மிகச் சிலரே. எனினும் கராக்கஸ் நகரின் தோட்ட உடைமையாளர் 1796இல் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். குருதியில் உறைவதாகக் கூறப்பட்ட இழிவுக்கு விலைச்சீட்டு ஒட்டப்பட்டதும், அவ்விழிவு அரசாணையால் ஆனது என்ற உண்மை அம்பலமாயிற்று.

6

கிளாஸே சற்றுப் பிந்தி நூல்வழி வந்த இலத்தீன் சொல். பண்டைய உரோமில் குடிகளைச் சொத்தின்படி பிரித்த பிரிவே அதன் மூலப்பொருள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் காலிதாத் வகித்த இடத்தில் அது மெல்ல நுழைகிறது. ஓஹாக்கா நகரின் 1792ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு சான்ஸ், ரெயிலர் ஆகிய இருவரும் 1977இல் எழுதிய கட்டுரை, வணிக முதலாளித்துவ வளர்ச்சியால் பிறப்பு வழிப் படிநிலை தளர்ந்து பொருளியல் வர்க்கம் முதன்மை பெற்றது என வாதித்தது. மக்காவும் அவரோடு இணைந்தோரும் 1979இல் அக்கணக்கீட்டை மறுத்து, பிறப்புப் பிரிவின் பிடி தளரவில்லை என்றனர். இவ்விவாதத்தில் ஒரு பக்கத்தை மட்டும் சரியெனக் கொள்வது பயனற்றது. பிறப்புப் பிரிவு உற்பத்தி உறவுகளுக்கு வெளியே நின்ற ஒன்றாயின் அதுவா இதுவா எனக் கேட்கலாம். திறையும் அடிமை முறையும் நிலவிய சமூகத்தில் பிறப்புப் பிரிவே உற்பத்தி உறவின் சட்ட வடிவமாக இருந்தது.

சுதந்திரப் போராட்டம் இச்சொற்களை ஒழிக்க முயன்றது. 1812ஆம் ஆண்டின் காதிஸ் அரசியலமைப்பு ஆபிரிக்க வழியினருக்குக் குடியுரிமையை இயல்பாக வழங்க மறுத்தபோது, 1813இல் மொரேலோஸ் அடிமை முறையையும் காஸ்தா வேறுபாட்டையும் ஒருசேர ஒழிக்க வேண்டுமெனப் பிரகடனம் செய்தார். 1822இல் மெக்சிக்கோவில் பிறப்பு வழி வகைப்பெயர்களைப் பொதுப் பதிவுகளில் எழுதுவது தடை செய்யப்பட்டது. பேருவில் சான் மார்த்தீன் 1821இல் திறையை ஒழித்து, இந்தியர் இனிப் பேருவியர் என்றே அழைக்கப்பட வேண்டும் என ஆணையிட்டார். ஆயின் 1826இல் அத்திறை கொடை என்ற புதுப்பெயருடன் மீண்டது. 1854 வரை நீடித்தது. சொல்லை ஆணையால் மாற்றலாம். அச்சொல்லைத் தாங்கி நிற்கும் நில உறவை ஆணையின் மை மட்டும் மாற்றாது.

யுக்கத்தானில் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். 1847இல் மாயா குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். கரும்புப் பெருந்தோட்டங்களின் விரிவு, பொது நிலங்களின் பறிப்பு, வரிச்சுமை ஆகியன அதன் காரணங்கள். ஸெஸீலியோ சீ, ஹஸீந்தோ பாத் ஆகியோர் தலைமையில் மூண்டு 1901 வரை தொடர்ந்த அப்போராட்டத்துக்கு நில உடைமையாளர் இட்ட பெயர் காஸ்தாக்களின் போர் என்பதாகும். சட்டத்திலிருந்து நீக்கப்பட்ட சொல், நிலப் போராட்டத்தைக் குருதிப் பகையாகக் காட்டும் பொருட்டு மீண்டும் எடுக்கப்பட்டது. வரலாற்று நூல்களில் இன்றும் அப்பெயரே நிலைத்துள்ளது.

20ஆம் நூற்றாண்டில் ராஸா புகழ்ச்சிச் சொல்லாயிற்று. ஸ்பெயினில் 1918இல் ஒக்டோபர் 12 ராஸா விழாவாகச் சட்டமாக்கப்பட்டது. 1925இல் வாஸ்கொன்ஸேலோஸ் கலப்பினத்தைப் பிரபஞ்ச இனமாக உயர்த்திப் பாடினார். இதற்கெதிராகப் பேருவின் மார்க்ஸியச் சிந்தனையாளர் மரியாத்தெகி, இந்தியரின் பிரச்சினையை இனப் பிரச்சினையாகவோ கல்விப் பிரச்சினையாகவோ நோக்குவதை மறுத்து, அதன் வேர் நிலவுடைமையில் உள்ளது என 1928இல் தமது ஏழு கட்டுரைகளில் நிறுவினார். 1969இல் பேருவின் வெலாஸ்கோ ஆட்சி நிலச் சீர்திருத்தத்தைக் கொணர்ந்தபோது இந்தியோ என்ற சொல்லை நீக்கிக் குடியானவர் எனப் பொருள்படும் சொல்லை அதனிடத்தில் வைத்தது. மரியாத்தெகியின் வழி வந்த முன்னேற்றமாக இது தோன்றும். எனினும் மொழியும் மரபும் ஒடுக்கப்பட்ட மக்களின் அனுபவத்தை அச்சொல் முழுதாகத் தழுவவில்லை. பொலிவியாவின் 2009ஆம் ஆண்டு அரசியலமைப்பு சுதேச, மூல, குடியான என்ற மூன்றையும் ஒரே தொடராக்கி மக்களைச் சுட்டுகிறது. வர்க்கத்தை மறைக்கும் இனச்சொல்லும் குறையுடையது. இன ஒடுக்குமுறையை மறைக்கும் வர்க்கச்சொல்லும் குறையுடையது என்பதை மக்கள் இயக்கங்களே உணர்த்தியுள்ளன. இவ்வுண்மை எமது நாட்டின் முற்போக்காளர் நன்கு சிந்திக்க வேண்டியதாகும்.

7

காஸ்தா எமது பிரதேசத்துக்கு வந்தது போர்த்துக்கேய வழியாகும். 16ஆம் நூற்றாண்டில் இந்திய சமூகப் பிரிவுகளுக்கு அச்சொல் பொருத்தப்பட்டது. 1563இல் கோவாவில் அச்சிடப்பட்ட மருந்துப்பொருள் நூலில் கார்சியா தா ஓர்த்தா, மகன் தந்தையின் தொழிலையே மேற்கொள்ளுவதைக் குறிப்பிட்டு இச்சொல்லைக் கையாளுகிறார். ஓர்த்தா ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதக் குடும்பத்தின் மகன். அவர் 1568இல் இறந்தார். மறுஆண்டு அவரது சகோதரி கத்தரீனா கோவாவில் விசாரணை மன்றத்தால் எரிக்கப்பட்டாள். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளும் தோண்டி எரிக்கப்பட்டன. இந்தியரின் பிறப்புப் பிரிவுக்கு ஐரோப்பியச் சொல்லை வழங்கியோருள் ஒருவர், அச்சொல்லின் ஐரோப்பிய அர்த்தத்துக்கே இரையானார்.

இலங்கையில் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் நிலங்களையும் குடிகளையும் பதிவு செய்த ஏடுகளைத் தோம்பு என்கிறோம். தோம்பு போர்த்துக்கேயச் சொல்லே. நிலம், வரி, கடமை ஊழியம் ஆகியவற்றோடு சாதியும் அவ்வேடுகளில் இடம் பெற்றது. மெக்சிக்கோவின் திறைப் பதிவும் இலங்கையின் தோம்பும் ஒரே வகைப்பட்ட ஆட்சித் தேவையின் இரு வெளிப்பாடுகள் எனலாம்.

ஆயினும் அவற்றின் உள்ளடக்கம் ஒன்றல்ல. எமது சாதி, அகமணத்தாலும் தொழில்வழிக் கடமையாலும் தீட்டுக் கருத்தாலும் கட்டுண்டு குடியேற்றவாதத்துக்கு முன்னரே நிலவிய பிரிவு. மெக்சிக்கோவின் காஸ்தாக்களோ அகமணக் குழுக்களல்லர். கலப்புக்கே இடப்பட்ட பெயர்கள். ஒரு குடும்பத்தின் உடன்பிறந்தோரே வெவ்வேறு பெயருடன் பதியப்படக் கூடிய நெகிழ்வு அங்கிருந்தது. எனவே குடியேற்ற காலக் காஸ்தாவைச் சாதி என மொழிபெயர்ப்பின், தமிழ் வாசகர் அங்கில்லாத ஒன்றைக் காண்பர். அங்குள்ள அடிமை முறையையும் திறையையும் காணத் தவறுவர்.

பயிர் வகைச் சொற்களிலும் இத்தகைய நெருடல் உண்டு. மெக்சிக்கோவின் சோள வகைகளை ஆராய்ந்து வெல்ஹோசனும் ஹெர்னாந்தெஸ் ஹொலொகோத்ஸியும் பிறரும் 1951இல் வெளியிட்ட நூல் அவற்றை ராஸா என்றது. குடியானவர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து விதைத்துக் காத்தவை அவை. ஆனால் 1961ஆம் ஆண்டின் பயிர்வகைப் பாதுகாப்புச் சர்வதேச உடன்படிக்கையும், மெக்சிக்கோவின் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் வாரியேதாத் என்ற சொல்லுக்குத் தனித்தன்மை, ஒருசீர்மை, நிலைபேறு ஆகிய நிபந்தனைகளை விதித்து, அதனை உடைமையாக்கக் கூடிய பொருளாக்கின. சந்தைக்கு உகந்தது வாரியேதாத். உழவரின் கூட்டுழைப்பில் விளைந்தது ராஸா. தமிழில் இரண்டையும் இனம் என்று எழுதுவோர் உடைமை உறவின் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகின்றனர்.

8

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். மத்திய கால ஸ்பெயினின் காஸ்தாவைக் குலம் அல்லது கால்வழி எனலாம். கோவாருபியாஸ் காலத்து ராஸாவை வழிக்கறை என்பதே பொருந்தும். இனம் என்பது 19ஆம் நூற்றாண்டுக்குப் பின்வந்த ராஸாவுக்கே உரியது. அமெரிக்கக் குடியேற்ற காலக் காஸ்தாவை அச்சொல்லாகவே வைத்துக் கலப்புப் பிரிவு என விளக்குவது நன்று. காலிதாத் என்பதற்குத் தகுதிநிலை என்ற சொல் உதவும். கிளாஸே 18ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் பெரும்பாலும் தரம் அல்லது பிரிவு. மரியாத்தெகியிடத்து ஐயமின்றி வர்க்கம். பயிருக்கு, உழவர் வகை, பதிவுற்ற வகை என இரண்டாக வேறுபடுத்தலாம்.

இச்சொற்களின் பயணம் முடிந்துவிடவில்லை. 2014இல் ஸ்பெயினின் பொதேமோஸ் இயக்கம் அரசியல், நிதி மேற்குழுவினரைக் காஸ்தா என்று சாடியது. 2023இல் ஆர்ஜென்டீனாவில் மிலேய் அதே சொல்லைக் கொண்டு அரசியல்வாதிகளைத் தாக்கி, அரச நலச் செலவுகளை வெட்டும் திட்டத்துடன் ஆட்சிக்கு வந்தார். முன்னவர் கையில் வங்கிகளையும் உள்ளடக்கிய சொல், பின்னவர் கையில் மூலதனத்தை விடுவித்து அரசை மட்டும் சுட்டிற்று. காஸ்தா என்பது கிளாஸேயின் இடத்தைப் பிடிக்கும்போது சுரண்டுவோர் யார் என்ற வினா மெல்ல நழுவிவிடுகிறது.

சரியான சொல்லைத் தெரிவு செய்தல் ஆகவே அகராதியோடு முடிந்துவிடும் பணியன்று. எவர் எழுதிய ஏட்டில், எவ்வுழைப்பை எவர் அபகரிக்கும் பொருட்டு அச்சொல் இடப்பட்டது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்க வேண்டும். அவ்வினாவுக்கு விடை தேடிய பின் இடப்படும் தமிழ்ச்சொல்லே அம்மக்களின் வரலாற்றை எம் வாசகருக்குக் கொண்டு சேர்க்கும்.